வண்ணப் பாப்கார்ன் சோளம்: கதிர் ஏன் பொக்கை, செடி ஏன் குட்டை, முத்து ஏன் பொரியவில்லை

முதல் வருஷம் எங்கள் பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) விளைந்த கிளாஸ் ஜெம் என்ற வண்ணச் சோளக் கதிர் ஒன்றில் மொத்தம் 11 முத்துகள். எண்ணித்தான் சொல்கிறேன். மீதி இடமெல்லாம் வெறும் சக்கை. அந்தப் பதினொன்றும் நீலம், ஊதா, ரோஸ், தேன் நிறம் என்று கண்ணைப் பறித்தன. அதுதான் கூடுதல் வயிற்றெரிச்சல். உரம் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை உரத்தைக் கூட்டினேன். அப்போதும் பொக்கைதான். கோளாறு உரத்தில் இல்லை, ஆறே ஆறு செடி வைத்ததில் இருந்தது என்று புரிவதற்குள் இரண்டு பட்டம் ஓடிப்போயிற்று.

மக்காச்சோளத்தில் (நான் சோளம் என்பதெல்லாம் அதுதான்) இது ஒரு தொல்லை. கோளாறு கண்ணில் படும் நாளுக்கும் அது நடந்த நாளுக்கும் நடுவில் பல வாரங்கள் கிடக்கும். கதிரை உரிக்கும்போது தெரிவது பூத்த வாரத்தில் நடந்தது. பூக்கும்போது தெரிவது முளைத்த மாதத்தில் நடந்தது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இப்போது என்ன செய்யலாம் என்பதோடு, எப்போது கெட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் வளர்ப்பது இரண்டு வகை. ஒன்று ஸ்ட்ராபெரி பாப்கார்ன்: விரல் நீளமே உள்ள, அடர்சிவப்பான, பம்பரம் போன்ற குட்டிக் கதிர்கள், செடி நாலைந்து அடி. இன்னொன்று கிளாஸ் ஜெம். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் செரோக்கி வம்சாவளியில் வந்த கார்ல் பார்ன்ஸ் என்ற விவசாயி பல வருஷம் தேர்ந்தெடுத்து உருவாக்கியது. 2012-இல் அதன் படம் இணையத்தில் பரவிய பிறகு உலகம் முழுக்க எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது, எனக்கும்தான். நான் இருப்பது உடுமலைப் பக்கம். சுற்றிலும் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளக் காடு. இது ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

பத்து நாள் ஆகியும் முளைக்கவில்லை

நம் வெப்பத்துக்கு 5 முதல் 7 நாளில் முளை தலைகாட்ட வேண்டும். பத்தாம் நாள் ஒன்றுமில்லை என்றால் விரலால் மெல்லக் கிளறி விதையைத் தேடுங்கள்.

விதையே இல்லை என்றால் எலியோ எறும்போ கொண்டுபோயிருக்கிறது. அணில் என்றால் சின்னச் சின்னக் குழி தெரியும். மறுபடி விதைத்துவிட்டு, முளை நாலு விரல் உயரம் வரும்வரை கொசுவலைத் துண்டையோ கம்பி வலையையோ மேலே போட்டு, நாலு ஓரத்திலும் கல் வையுங்கள்.

விதை இருக்கிறது, ஆனால் அழுத்தினால் கூழாகப் பிதுங்குகிறது என்றால் தண்ணீர் அதிகம். பாப்கார்ன் விதை சின்னது, தோல் தடித்தது. ஊறவைத்தால் நல்லது என்று படித்துவிட்டு ஒன்றரை நாள் தண்ணீரிலேயே போட்டு வைத்தவர்களை எனக்குத் தெரியும் (அதில் நானும் உண்டு). எட்டு மணி நேரம் போதும். 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, ஒரு தண்ணீர் விட்டு, மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் கொடுத்தால் சரி. நடுவில் தினமும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

விதை போட்டது போட்டபடி கெட்டியாகக் கிடக்கிறதா? அது செத்த விதை. இணையத்தில் வாங்கிய ஒரு பாக்கெட்டில் 20-க்கு 3 முளைத்தது எனக்கு. அந்த மூன்றும் சாதாரண மஞ்சள் சோளம். இப்போதெல்லாம் பாக்கெட் வந்தவுடன் 10 விதையை ஈரத் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறேன். ஐந்து நாளில் ஏழு விதையாவது முளைக்காவிட்டால், இருக்கும் விதையைக் குழிக்கு இரண்டாக ஊன்ற வேண்டியதுதான்.

செடி இடுப்புக்குக்கூட வரவில்லை, அதற்குள் கொண்டை (உச்சியில் வரும் ஆண்பூ) வந்துவிட்டது

பக்கத்துக் காட்டுப் பெரியவர் வேலி மேலாகப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இத்துனூண்டுச் செடியில கொண்டையா? மாட்டுக்குக்கூடப் பத்தாதே" என்று சிரித்தார். அவர் காட்டில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, என்னுடையது இரண்டரை அடியில் பூத்து நிற்கிறது.

இதற்கு முதல் காரணம் பகல் நீளம். சோளம் பகல் குறுகினால் சீக்கிரம் பூக்கும் பயிர். ஓக்லஹோமாவில் கோடைப் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் போகும். அங்கே தேறிய விதைக்கு, வருஷத்தின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாத நம் ஊர், எப்போதும் பூக்கும் பருவம்தான். இலை போதுமான அளவு விடுவதற்குள்ளேயே கொண்டையை நீட்டிவிடும். இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் நம் தப்பு. ஒரு அடிக்கு ஒரு அடி க்ரோ பேக்கில் மூன்று விதை போட்டால் வேர் போக இடமில்லை. செடி பயந்துகொண்டு பூத்துவிடும். முதல் மாதத்தில் தண்ணீர் விட்டுப்போனாலும் இதே கதை.

பூத்த பிறகு உயரத்தைக் கூட்ட முடியாது. அந்தச் செடியைப் பிடுங்காமல், வந்த கதிரில் மகரந்தம் சேர்ப்பதில் கவனம் வையுங்கள். குட்டைச் செடியிலும் ஒரு கதிர் தேறும். அடுத்த பட்டத்துக்கு: மொட்டைமாடி என்றால் ஆளுக்கொரு பை வேண்டாம், நாலடிக்கு நாலடி அகலப் பையில் ஒரு அடி ஆழத்துக்கு மண் நிரப்புங்கள். தழைச்சத்தை முதல் 25 நாளுக்குள் கொடுத்து முடியுங்கள். அப்புறம், இருக்கும் செடிகளில் எது உயரமாக வளர்ந்து தாமதமாகப் பூக்கிறதோ அதன் கதிரில் ஒரு நூல் கட்டி விதைக்கு ஒதுக்குங்கள். எனக்கு நான்காவது பட்டத்தில் கிளாஸ் ஜெம் தோளைத் தாண்டியது. கடைசி மூன்று முறை போட்டது என் சொந்த விதை.

இலை நிறம் மாறுகிறது

அடி இலையின் நுனியில் தொடங்கி நடுநரம்பு வழியாக உள்நோக்கி, கூரான ஆப்பு வடிவத்தில் மஞ்சள் ஏறினால் தழைச்சத்துக் குறைவு. கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றினால் ஒரு வாரத்தில் மேல் இலை கரும்பச்சை ஆகும். மஞ்சளான இலை திரும்பாது.

குருத்துப் பக்கத்து இளம் இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம் போதவில்லை. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. வடிகட்டி இலையில் தெளித்தால் தெளிந்துவிடும்.

இலை ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்து. அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி.

ஊதா நிறத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். சாதாரணச் சோளத்தில் இளஞ்செடி ஊதாவானால் மணிச்சத்து ஏறவில்லை என்று பொருள். வண்ணச் சோளத்திலோ தண்டு, இலையுறை, தாங்கு வேர், கொண்டை எல்லாம் பிறவியிலேயே ஊதாவாக இருக்கலாம். முத்துக்கு நிறம் தரும் அதே சாயம்தான் தண்டிலும் ஓடுகிறது. செடி வேகமாக வளர்கிறது, புது இலை பச்சையாக விரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். வளர்ச்சி நின்று, இலையும் சேர்ந்து ஊதாவானால் மட்டும் கவலைப்படுங்கள்.

இலையில் நீள நீளமாக வெளிர்மஞ்சள் கோடுகள், விடியலில் அடிப்பக்கம் வெள்ளைப் பூச்சு, செடி கூம்பிப்போய் நிற்கிறது என்றால் அது அடிச்சாம்பல் நோய். வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், மற்றதாவது தப்பும்.

இலையில் ஓட்டை வரிசை, குருத்தில் மரத்தூள்

குருத்து விரியும்போது இலையின் குறுக்கே ஒரே வரிசையில் ஓட்டைகள், குருத்துக் குழிக்குள் ஈரமான மரத்தூள் போலக் கழிவு. இதைப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், படைப்புழு. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே வருஷம் நம் பக்கமும் இறங்கியது. அதிலிருந்து இங்கே சோளம் போடுகிற யாரும் அதை மறந்து ஒரு வாரம் தூங்க முடிவதில்லை.

உறுதிப்படுத்த, புழுவை ஒரு இலையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலையின் முன்பக்கம் கவட்டைக் கோலைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி ஒரு வெளிர்க்கோடு. வால் பக்கத்துக்குச் சற்று முன்னால் சதுரமாக நாலு கரும்புள்ளிகள். இரண்டும் இருந்தால் அதுவேதான்.

முப்பது நாற்பது செடிக்கு மருந்து தேவையே இல்லை என்பது என் முடிவு. முளைத்த பத்தாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள், பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சோடு போகிறேன். பகலில் குருத்துக்குள் பதுங்குவது அப்போது மேலே வரும். இலையில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் இருந்தால் விரலால் நசுக்கிவிடலாம். ஒரு குவியலில் நூற்றுக்கு மேல் முட்டை, ஆகவே அந்த ஒரு நசுக்கல் பத்து நாள் வேலையை மிச்சப்படுத்தும். பெரிய புழு ஒன்று உள்ளே இருந்தால் பெரும்பாலும் அது ஒன்றுதான் இருக்கும், மற்றதைத் தின்று தீர்த்திருக்கும். ஈர்க்குச்சியால் எடுத்துவிட்டு, ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுங்கள். மணல் புழுவின் மெல்லிய உடம்பில் உராயும்.

கைக்கு அடங்காமல் போனால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சாயங்காலம், குருத்துக்குள்ளேயே இறங்கும்படி தெளியுங்கள். இலைமேல் தூவி என்ன பயன், திருடன் உள்ளே இருக்கிறான். கொண்டை மகரந்தம் விடும் நாட்களில் காலையில் எதுவும் தெளிக்க வேண்டாம். அந்த நேரத்தில்தான் தேனீக்கள் மகரந்தம் எடுக்க வரும்.

நடுக்குருத்து மட்டும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பான். செடியை வெட்டித் தண்டைப் பிளந்து புழுவை அழியுங்கள். அப்படியே எருக்குழியில் போட வேண்டாம்.

கொண்டையில் பிசுபிசுப்பும் எறும்பும் இருந்தால் அசுவினி. குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் போதும், ஆனால் மத்தியானத்துக்கு மேல் அடியுங்கள்.

செடி சாய்ந்துவிட்டது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை உடுமலை, பல்லடம்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் காற்றாலையே சுற்றும்போது, பாப்கார்ன் தட்டை எம்மாத்திரம்? சாதாரணச் சோளத்தைவிட இதன் தட்டை மெலிது.

கொண்டை வராத இளஞ்செடி சாய்ந்தால் தொடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கழுத்தை வளைத்துக்கொண்டு தானே நிமிரும். கையால் நிமிர்த்தப் போனால் அறுபடாமல் மிஞ்சிய வேரும் அறுந்துவிடும். அடியில் மண்ணை அணைத்து மிதித்துவிட்டால் போதும். பூத்த செடி சாய்ந்தால் அது முழுசாக நிமிராது. சாய்ந்தபடியே விட்டு, கையால் மகரந்தம் போடுங்கள். அந்தக் கோளாறு விதைத்த 25-ஆம் நாள் மண் அணைக்காததில் தொடங்கியது. தண்டின் அடிக்கணுவில் குடைக்கம்பி மாதிரி தாங்கு வேர்கள் இறங்கும்போது அவற்றுக்கு மண் எட்ட வேண்டும்.

பக்கத் தூர் வெடித்தால் ஒடிக்க வேண்டாம். அது நோயல்ல. அந்தத் தூரின் உச்சியில் கொண்டைக்குள்ளேயே நாலு முத்து பிடித்தாலும் பயப்பட வேண்டாம். சோளம் சில சமயம் அப்படி விளையாடும்.

கதிர் பொக்கை

வீட்டுத் தோட்டத்தில் அதிகம் அழவைக்கும் கோளாறு இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாக.

கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்களை வெறும் குஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரு முத்தோடு இணைந்திருக்கிறது. ஒரு நூலில் ஒரு மகரந்தத் தூளாவது விழுந்து, நூலின் உள்ளே இறங்கி அடிவரை போனால்தான் அங்கே ஒரு முத்து. என் 11 முத்துக் கதிரில் 11 நூலுக்குத்தான் அதிர்ஷ்டம் அடித்தது.

கொண்டை உச்சியில், பட்டு இடுப்பில். நடுவில் காற்று. தூள் பெரும்பாலும் சில அடி தூரத்துக்குள்ளேயே விழுந்துவிடும். ஒரே வரிசையாக வேலியோரம் நட்டால் காற்று அத்தனையையும் தெருவுக்குக் கொண்டுபோய்விடும். அதனால் ஒரே வரிசையில் 20 செடி வைப்பதைவிட நாலு வரிசையில் நாலு நாலாக 16 வைப்பது மேல். ஒன்றரை அடி வரிசை, முக்கால் அடி இடைவெளி. 25 செடி வைக்க முடிந்தால் இன்னும் நிம்மதி. ஐந்தாறு செடிக்குத்தான் இடம் என்றால் தயவுசெய்து செண்டுமல்லி வையுங்கள், அல்லது கையால் மகரந்தம் போடத் தயாராகுங்கள்.

பொக்கை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள், கதிரே சொல்லும். பட்டு நூல் முதலில் வருவது கதிரின் அடிப்பக்கத்திலிருந்து, கடைசியில் நுனியிலிருந்து. ஆகவே அடிப்பக்கம் பொக்கை என்றால் முதல் நூல்கள் வந்தபோது மகரந்தம் இன்னும் வரவில்லை, அல்லது பூச்சி நூலைக் கத்தரித்துவிட்டது. நுனி மட்டும் பொக்கை என்றால் கடைசி நூல்கள் வருவதற்குள் மகரந்தம் தீர்ந்துவிட்டது, அல்லது பிடித்த முத்துகளைத் தண்ணீர், சத்துப் பற்றாக்குறையால் செடியே கைவிட்டுவிட்டது. இங்கொன்றும் அங்கொன்றுமாக என்றால் தூளே போதவில்லை, இல்லாவிட்டால் வெயிலில் செத்துவிட்டது. 35 டிகிரியைத் தாண்டி, காற்றும் வறண்டால் மகரந்தம் வெகுநேரம் உயிரோடு இருக்காது.

இன்னொரு சூட்சுமம். பூக்கும் சமயம் தண்ணீர் குறைந்தால் கொண்டை சொன்ன நாளில் வந்துவிடும், பட்டு மட்டும் பின்தங்கும். தூள் உதிர்ந்து முடிந்த பிறகு பட்டு வந்தால் என்ன லாபம்? கொண்டை தெரிவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து முத்து பிடித்து இரண்டு வாரம் வரை மண் காயவே கூடாது. வேறு எப்போது வேண்டுமானாலும் ஊருக்குப் போங்கள், இந்த மூன்று நாலு வாரம் போகாதீர்கள்.

இனி கைவேலை. காலை எட்டரை, ஒன்பது மணி, பனி காய்ந்த பிறகு. கொண்டையின் கிளைகளில் சின்ன மஞ்சள் பைகள் தொங்க ஆரம்பித்திருக்கும். ஒரு காகிதக் கவரைக் கொண்டைக்கு அடியில் பிடித்து, தண்டை இரண்டு தட்டு தட்டினால் கடலைமாவு போல மஞ்சள் தூள் விழும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்த்துத் தூள் கட்டியாகிவிடும். நாலைந்து செடியின் தூளை ஒன்றாகக் கலந்து, பழைய சாயத் தூரிகையால் ஒவ்வொரு பட்டிலும், குஞ்சத்தின் அடிவரை, தடவுங்கள். பட்டு பிசுபிசுப்பாக இருப்பதால் தூள் ஒட்டிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். அன்று எடுத்ததை அன்றே, அரை மணிக்குள் போட்டுவிட வேண்டும். நாலு நாள் தொடர்ந்து செய்யுங்கள், ஏனென்றால் எல்லா நூலும் ஒரே நாளில் வெளியே வருவதில்லை.

பிடித்ததா என்று அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். பட்டு வந்த பத்தாம் நாள், ஒரே ஒரு கதிரைத் தியாகம் செய்யுங்கள். ஒடித்து, மட்டையை நூல் அறாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உதறுங்கள். மகரந்தம் சேர்ந்த முத்தின் நூல் தானாகக் கழன்று விழும். சேராதது ஒட்டிக்கொண்டே இருக்கும். உதறியபின் கதிர் மொட்டையாக நின்றால் ஜெயித்துவிட்டீர்கள். அடியிலோ நுனியிலோ தாடி மிச்சமிருந்தால் அந்த இடம் பொக்கை. நான் முதன்முதலில் உதறியபோது தரையில் விழுந்த அந்தப் பட்டுக் குவியலைப் பார்த்து, தனியாக நின்று சிரித்தேன்.

நாள் கணக்கையும் பாருங்கள். மாசிக் கடைசியில் விதைத்தால் சித்திரை வெயிலில் பூக்கும், அது வம்பு. எங்கள் பக்கத்துக்குத் தை முதல் வாரம் விதைப்பதுதான் சரிப்படுகிறது: மாசியில் பூ, சித்திரையில் அறுவடை, கதிர் காயும்போது மழையும் குறைவு.

பட்டு நுனியில் புழு, கிளி, அணில்

பட்டு பழுப்பானதும் நுனியில் சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் காய்ப்புழு உள்ளே இறங்குவது குறையும். பச்சைப் பட்டில் விட்டால் மகரந்தம் ஒட்டாது, அவசரப்பட வேண்டாம். கிளிக்கும் அணிலுக்கும் கதிருக்கு ஒரு பழைய காலுறை. அழகாக இருக்காது. மயிலுக்கு வலை தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உரித்தால் வெள்ளை, அல்லது மஞ்சள் முத்து கலந்திருக்கிறது

வெள்ளையாக, வெளிறி இருந்தால் அவசரப்பட்டு உரித்திருக்கிறீர்கள். நிறம் கடைசியில்தான் ஏறும். மட்டை முழுக்க வைக்கோல் நிறமாகி, முத்தின் மேல் நகம் பதியாத வரை காத்திருங்கள். ஒரு முத்தைப் பிடுங்கி அதன் கூர்நுனியைச் சுரண்டிப் பார்த்தால் கரும்படலம் தெரிய வேண்டும். அது தெரிந்தால் செடி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது.

புள்ளி, கோடு, பொட்டு விழுந்த முத்துகள் நோயல்ல. சோள முத்தின் இந்தப் புள்ளிகளைத் துருவிப் போய்த்தான் இடம் மாறும் மரபணுக் கூறுகளை பார்பரா மெக்லின்டாக் கண்டுபிடித்தார். 1983-இல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் கதிரை விதைக்கு வையுங்கள்.

நடுநடுவே பெரிய மஞ்சள் முத்து என்றால் பக்கத்துக் காட்டு வேலை. என் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவரின் தீவனச் சோளம். அவர் கொண்டையும் என் பட்டும் ஒரே வாரத்தில் வந்த வருஷம், ஒவ்வொரு கதிரிலும் அவர் வீட்டு முத்து இருந்தது. முத்தின் மேல்தோல் தாய்ச்செடிக்குச் சொந்தம். அதற்குக் கீழே உள்ள படலத்திலும் மாவிலும் மகரந்தம் தந்த செடிக்குப் பங்கு உண்டு, அதனால் கலப்பு அதே வருஷம் கண்ணில் தெரியும். வெளி மகரந்தத்தை ஏற்காத பாப்கார்ன் வகைகளும் உண்டு, ஆனால் எல்லாம் அப்படியல்ல. ஸ்வீட் கார்னையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஸ்வீட் கார்ன் இனிப்பை இழக்கும்.

வழி இரண்டு. பக்கத்தில் எப்போது விதைத்தார்கள் என்று கேட்டு, பூக்கும் நாள் மூன்று வாரம் தள்ளிப்போகும்படி விதையுங்கள். முடியாவிட்டால் விதைக்கு வேண்டிய ஏழெட்டுக் கதிருக்கு மட்டும், பட்டு வெளியே வருமுன் காகிதக் கவர் மாட்டி, உங்கள் தூளைப் போட்டு, மறுபடி கவர் மாட்டுங்கள்.

முத்துகளுக்கிடையே பூசணம்

புரட்டாசி, ஐப்பசி மழையில் கதிர் முற்றினால் இது நிச்சயம். சில முத்து கதிரிலேயே முளைவிட்டிருக்கும். மழை வரும் என்று தெரிந்தால், முற்றிய கதிர்களை ஒடித்து, மட்டையைப் பின்னுக்கு வாரி, நாலைந்தாகக் கட்டி, காற்றோடும் நிழலில் தொங்கவிடுங்கள். பூசணம் பிடித்ததைத் தூக்கி எறியுங்கள். பாவம் கோழிக்காவது ஆகும் என்று போட வேண்டாம். பூசண நஞ்சு கோழிக்கும் மாட்டுக்கும் ஆகாது.

முத்து பொரியவில்லை

முதலில் ஏமாற்றத்தை ஒழித்துவிடுகிறேன்: எந்த நிற முத்தும் பொரிந்தால் வெள்ளைதான், மிஞ்சினால் இளமஞ்சள். சிவப்பும் நீலமும் ஊதாவும் மேலே மெல்லிய படலத்தில். பொரியின் அடியில் துளி நிறம் ஒட்டியிருக்கும், அவ்வளவே.

பொரிவது உள்ளிருக்கும் ஈரத்தால். சுமார் 180 டிகிரியில் அந்த ஈரம் ஆவியாகி, தோல் தாங்காமல் வெடிக்கிறது. ஈரம் 13.5 முதல் 14 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டில் அளக்க முடியாது, வாணலிதான் அளவுகோல். 20 முத்தைப் போட்டுப் பாருங்கள். பொரிந்தது, ஆனால் சிறுத்து, மென்றால் ரப்பர் மாதிரி இருக்கிறது என்றால் ஈரம் அதிகம். இன்னும் ஒரு வாரம் காயட்டும். பாதி முத்து கருகிக் கிடக்கிறது, பொரிந்ததும் சின்னது என்றால் ஈரம் போய்விட்டது. மூன்று கப் முத்துக்கு ஒரு மேஜைக்கரண்டி தண்ணீர் விட்டு, இறுக மூடிய பாட்டிலில் நாளுக்கு இரண்டு முறை குலுக்கி, நாலைந்து நாள் வைத்து மறுபடி சோதியுங்கள்.

நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். வடகம், மிளகாய் காய்கிற மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் இதையும் கொட்டிவிடுவோம். ஈரம் போவதோடு தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் விழும். வெடித்த தோலில் ஆவி தங்காது, அதற்குத் தண்ணீர் சேர்த்தும் பயனில்லை. நிழலில் காயுங்கள், மூன்று நாலு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

ஸ்ட்ராபெரி நன்றாகப் பொரியும். கிளாஸ் ஜெம் பொரி சின்னது, மொறுமொறுப்பு அதிகம், எனக்கு அது பிடிக்கும்.

தொங்கவிட்ட கதிரிலிருந்து மாவு கொட்டுகிறது

கொலுப்படிக்கு அழகாகக் கட்டி வைத்த கதிர்களுக்குக் கீழே வெள்ளைத் தூள் தெரிந்தால், முத்தில் குண்டூசித் துளை தேடுங்கள். மூக்கு வண்டோ அந்துப்பூச்சியோ உள்ளே குடித்தனம் நடத்துகிறது. முட்டை காட்டிலிருந்தே வந்திருக்கலாம். நன்றாகக் காய்ந்த கதிர்களைக் காற்றுப் புகாத கவரில் கட்டி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் முத்தின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் தொங்கவிடலாம். விதைக்கு வைத்ததைத் தனி பாட்டிலில், வகையும் விதைத்த தேதியும் எழுதிய சீட்டோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். சீட்டைப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள், வெளியே ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும்.